படகைப் பார்த்து இலை போடுங்கள்: குமரி மாவட்டத்தில் மீன் சாப்பாட்டுக்கு ஒரு முழு வழிகாட்டி

கன்னியாகுமரிக்கு வருகிற சொந்தக்காரர், நண்பர் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "மீன் சாப்பாட்டுக்கு எந்தக் கடை நல்லது?" பெயர் சொல்லிவிடலாம். ஆனால் சொன்ன கொஞ்ச நாளில் சமையல்காரர் வேறு கடைக்குப் போயிருப்பார், கெட்ட பெயர் எனக்கு வரும். அதனால் இங்கே கடைப் பெயர் எதுவும் இருக்காது. எந்த மாதம், எந்தக் கரை, எந்த நேரம், உட்காருவதற்கு முன் என்ன கேட்பது, எந்த மீனை எப்படிச் செய்யச் சொல்வது, எதோடு சாப்பிடுவது என்பதெல்லாம் இருக்கும். இவை சரியாக அமைந்தால் தகரக் கூரைக் கடையிலும் அருமையான மீன் கிடைக்கும். அமையாவிட்டால் ஏசி ஓட்டலிலும் ஐஸ் பெட்டி மீன்தான்.

1. முதலில் காலண்டரைப் பாருங்கள்

மீன்பிடித் தடைக்காலம் எல்லோருக்கும் தெரியும். இந்த மாவட்டத்தில் அது இரண்டு தவணையாக வரும் என்பதுதான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. குமரி முனைக்குக் கிழக்கே இருக்கிற சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் சேரும். அங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கடற்கரைக் கணக்கு. அங்கே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை. இரண்டும் 61 நாள்.

அதாவது மே மாதம் பள்ளி விடுமுறையில் வருகிறீர்கள் என்றால் சின்னமுட்டத்தில் படகு கரையில் கிடக்கும், குளச்சலில் ஏலம் நடந்துகொண்டிருக்கும். ஜூலையில் வந்தால் நேர்மாறு. ஜூன் முதல் இரண்டு வாரம் மட்டும் இரு பக்கமும் அடைப்பு. அந்த நாட்களில் வள்ளக்காரர்கள் பிடித்துவரும் மீன்தான் புதுமீன். தடை விசைப்படகுக்கு மட்டுமே, நாட்டுப் படகுக்குக் கிடையாது. ஆனால் தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும், வள்ளம் தினமும் இறங்காது. ஜூன் தொடக்கத்தில் ஒரு கடைக்காரர் எட்டு வகைப் பெரிய மீன் அடுக்கி வைத்து "எல்லாம் காலையில வந்தது" என்றால் சிரித்துவிட்டு மோர் குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

இதோடு கிழமைக் கணக்கும் உண்டு. நம் கடற்கரை ஊர்களில் பெரும்பாலானவை கத்தோலிக்க ஊர்கள். ஞாயிற்றுக்கிழமை பல ஊர்களில் கடலுக்குப் போக மாட்டார்கள். ஊர்த் திருவிழா நாட்களிலும் அப்படியே. சுற்றுலாக்காரர் கூட்டமோ ஞாயிறுதான் அதிகம். அன்று தட்டில் விழுவது பெரும்பாலும் முந்தின நாள் மீன். முடிந்தால் வாரநாளில் வாருங்கள்.

2. எந்தக் கரை?

மாவட்டத்தின் கடற்கரை சுமார் 70 கிலோமீட்டர். முழுவதையும் ஒரே நாளில் சுற்றி, கண்ட இடத்தில் சாப்பிட்டால் எதுவும் நினைவில் நிற்காது. ஒரு துறைமுகத்தைத் தேர்ந்தெடுத்து அதன் பக்கத்து ஊரில் சாப்பிடுங்கள்.

கன்னியாகுமரியில் தங்குகிறவர்களுக்குச் சின்னமுட்டம் கூப்பிடு தூரம். கடற்கரைக் கடைவீதியில் மாலையில் மசாலா தடவி அடுக்கி வைத்திருக்கும் பொரித்த மீன் வண்டிகள் கண்ணுக்கு விருந்து. வயிற்றுக்கு உத்தரவாதம் தரமாட்டேன். மசாலா சிவப்பாக எரிகிறதென்றால் அது மிளகாயால் வந்த நிறமா, சாயப்பொடியா என்று பாருங்கள். விரலில் ஒட்டிய சிவப்பு தண்ணீரில் கழுவியும் போகவில்லையென்றால் எனக்கு அந்த மீன் வேண்டாம்.

நாகர்கோவிலில் இருந்து மேற்கே போனால் முட்டம், அதையும் தாண்டி குளச்சல். நாகர்கோவிலில் இருந்து குளச்சல் சுமார் 20 கிலோமீட்டர். 1741-ல் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்த ஊர் இது. வெற்றித் தூண் கடற்கரையில் நிற்கிறது. அங்கே பிடிபட்ட, டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாய் பிறகு திருவிதாங்கூர் படைக்கே தளபதியானது தனிக்கதை. நம் கதைக்குத் தேவையானது, பழைய துறைமுக ஊர்களுக்கே உரிய கலப்பு. மீனவர்களான முக்குவர் வீட்டு மீன்கறியும் முஸ்லிம் வீட்டுப் பிரியாணியும் சில தெருக்கள் தள்ளி இருக்கும். குளச்சலில் பசித்து நிற்கிறவருக்கு இரண்டு வழி.

தேங்காய்ப்பட்டணம் இன்னும் மேற்கே, மார்த்தாண்டம் பக்கம். அதற்கும் அப்பால் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று கேரள எல்லைவரை போகிற ஊர்கள். ஆழ்கடலில் சுறாவும் சூரையும் பிடிப்பதில் நாட்டிலேயே பெயர் பெற்றவர்கள் இந்த ஊர்க்காரர்கள். வாரக்கணக்கில் தங்கல் போவார்கள். ஆனால் தூத்தூரில் போய் தூத்தூர் சூரையைத் தேடாதீர்கள். அந்தப் படகுகள் பெரும்பாலும் கொச்சியில்தான் மீனை இறக்கும். இந்தப் பக்கம் வந்தால் கரமடியில், அதாவது கரையில் நின்று இழுக்கும் வலையில், சிக்கும் சிறுமீனைத் தேடுங்கள். சாளை (மத்தி), நெத்தோலி இரண்டும் கரையில் இருந்து நேரே சட்டிக்கு வருகிற மீன்கள்.

3. மதியத்தில் சாப்பிடுங்கள்

விடியற்காலை கரைக்கு வந்த மீன் ஏலம் போய், வெட்டி, குழம்பாகிக் கொதித்து இறங்க 12 மணி ஆகும். 12 முதல் 2 மணிதான் மீன் சாப்பாட்டு நேரம். 3 மணிக்குப் போனால் குழம்பு இருக்கும், நல்ல துண்டு இருக்காது. இரவு மீன் சாப்பாடு என்றால் கூடுமானவரை பொரித்ததோ, அடுத்து சொல்லப்போகிற கிழங்குக் கடையோதான்.

காலையில் சீக்கிரம் எழுபவர் என்றால் ஏலத்தைப் போய்ப் பாருங்கள். வாங்க வேண்டியதில்லை, ஓரமாக நின்றால் போதும். அன்று எந்த மீன் குவிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். மதியம் கடையில் அதையே கேளுங்கள். குவிந்த மீன் மலிவாகவும் இருக்கும், புதிதாகவும் இருக்கும். அயிலை (கானாங்கெளுத்தி) மலையாகக் கிடக்கிற நாளில் நெய்மீன் (வஞ்சிரம்) கேட்டு நிற்பவரை எனக்குப் புரிவதில்லை.

சிலர் ஏலத்திலோ பெண்கள் கூறு போட்டு விற்கும் இடத்திலோ வாங்கி, கடையில் கொடுத்துச் சமைக்கச் சொல்வார்கள். எல்லாக் கடையும் ஒத்துக்கொள்ளாது. வாங்குவதற்கு முன்பே கடையில் பேசிவிடுங்கள்: வெட்டிக் கொண்டுவர வேண்டுமா, சமைப்பதற்கு எவ்வளவு, எத்தனை மணிக்குத் தருவார்கள். பேசாமல் ஒரு கிலோ கணவாயோடு போய் நின்றால் இருவருக்கும் சங்கடம்.

4. உட்காருவதற்கு முன் கேட்க வேண்டியவை

மெனு அட்டையை மூடி வையுங்கள். "அண்ணாச்சி, இன்னைக்கு என்ன மீன் உண்டு?" என்று கேளுங்கள். "பாரை உண்டு, அயிலை உண்டு, விளமீன் இப்பதான் தீந்துட்டு" என்று பதில் வந்தால் நம்பி உட்காரலாம். தீர்ந்துபோகிற கடைதான் நல்ல கடை. "எல்லாம் உண்டு சார், உக்காருங்க" என்றால் அந்த எல்லாம் எங்கே, எத்தனை நாளாக இருக்கிறது என்று யோசியுங்கள்.

அடுத்து, மசாலா தடவாத மீனைக் காட்டச் சொல்லுங்கள். தயங்க வேண்டாம், இங்கே அது வழக்கம்தான். கண் தெளிவாக, கொஞ்சம் பிதுங்கி இருக்க வேண்டும். குழி விழுந்து வெளுத்திருந்தால் பழசு. செவுளைத் தூக்கினால் ரத்தச் சிவப்பு. விரலால் அமுக்கினால் குழி உடனே மேலே வர வேண்டும். சாளைக்கு வயிறு உடைந்திருந்தால் தொடாதீர்கள். மணம் கடல் மணமாக இருக்கலாம், மூக்கைத் துளைக்கக் கூடாது. சுறாவும் திருக்கையும் பழசானால் மூத்திர நெடி அடிக்கும். அவற்றின் சதையில் இயல்பாகவே யூரியா உண்டு. நாள்பட அது அம்மோனியாவாக மாறும். சுறா சாப்பிடும் ஆசை இருந்தால் மூக்கை நம்புங்கள்.

சூரை, அயிலை, சாளை மூன்றுக்கும் கூடுதல் எச்சரிக்கை உண்டு. ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் இவற்றில் ஹிஸ்டமின் உண்டாகும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பு அரித்தால் பலர் மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். பல நேரம் குற்றம் மீனில் இல்லை, அதை வைத்திருந்த விதத்தில். மூச்சுத் திணறினால் மட்டும் யோசிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

கடைசியாக விலை. பொரித்த மீன் துண்டுக் கணக்கா, மீன் கணக்கா என்று முன்பே கேளுங்கள். சிங்கி இறால், பெரிய நண்டு என்றால் கிலோ கணக்கு. எடை உயிரோடா, சுத்தம் செய்த பிறகா என்று கேட்டு, உங்கள் கண்முன் தராசில் வைக்கச் சொல்லுங்கள். "சைஸ் பார்த்து போட்டுக்கலாம் சார்" என்ற பதிலை ஏற்காதீர்கள். பில் வந்தபிறகு சண்டை போட்டால் சாப்பிட்ட ருசி போய்விடும்.

5. எந்த மீனை எப்படி?

சென்னையில் வஞ்சிரம் என்பது இங்கே நெய்மீன். கானாங்கெளுத்தி இங்கே அயிலை. மத்தி இங்கே சாளை. இது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

நெய்மீனைப் பொரித்துச் சாப்பிடுங்கள். முள் குறைவு, குழந்தைகளுக்கு வசதி. ஆனால் இவ்வளவு தூரம் வந்து நெய்மீன் பொரித்ததோடு திரும்புவது பணத்துக்குக் கேடு. அது எல்லா ஊரிலும் கிடைக்கும்.

குமரியின் சிறப்பு தேங்காய் அரைத்த குழம்புகளில்தான் இருக்கிறது. நாகர்கோவில் பக்கத்துப் புளிமுளம் என்ற குழம்பில் தேங்காயும் மிளகாயும் பச்சையாக அரைபட்டு, புளி தூக்கலாக நிற்கும். விளமீன், பாரை போன்ற கெட்டிச் சதை மீனுக்கு இது பொருந்தும். மேற்கே விளவங்கோடு பக்கம் போகப் போக குடம்புளி வாசம் வரும், குழம்பின் நிறம் சிவந்து கறுக்கும். இரண்டில் எது உசத்தி என்று எங்கள் ஊர்க் கல்யாண வீடுகளில் தகராறே நடக்கும். நான் கிழக்குக் கட்சி.

நெத்தோலி அவியல் கேட்டுப் பாருங்கள். காய்கறி அவியல் அல்ல, நெத்தோலியைப் பச்சைத் தேங்காய் அரைப்போடு மாங்காய் போட்டு வேகவைத்து, மேலே பச்சைத் தேங்காய் எண்ணெய் ஊற்றி இறக்குவது. மாங்காய்க் காலத்தில் அது மெனுவில் இல்லாவிட்டாலும் அடுப்பங்கரையில் இருக்க வாய்ப்புண்டு. கேட்டால்தான் கிடைக்கும். சதை குழையாமல், முதுகெலும்பு தனியாகக் கழன்று வருகிற பக்குவத்தில் இருந்தால் சமையல்காரர் கைதேர்ந்தவர். கஞ்சிக்கும் இதுதான் ஜோடி.

சுறா இருந்தால் துவரன், அதாவது தேங்காய் சேர்த்து உதிரியாக வதக்கியது. கணவாய் இருந்தால் ஒரு எச்சரிக்கை: கணவாயை இரண்டு மூன்று நிமிடம் வதக்கினாலும் மென்மை, முக்கால் மணி நேரம் வேகவைத்தாலும் மென்மை, நடுவில் எடுத்தால் ரப்பர். கூட்டம் நெரிகிற நேரத்தில் பெரும்பாலான கடைகள் நடுவில்தான் எடுக்கின்றன.

சிப்பியைத் தவறவிடாதீர்கள். குளச்சல், கடியப்பட்டணம் பக்கத்துப் பாறைகளில் மூச்சைப் பிடித்து முங்கி, கம்பியால் குத்தி எடுப்பார்கள். கடல் தெளிந்து அமைதியாக இருக்கும் நாட்களில்தான் கிடைக்கும். தேங்காய்ச் சில்லோடு மிளகு தூக்கலாக வறுத்துக் கேளுங்கள். சிப்பி கடல்தண்ணீரை வடிகட்டித் தின்கிற உயிர். தண்ணீரில் இருக்கும் அழுக்கும் அதற்குள் போகும். பெருமழை பெய்து ஆற்றுக் கலங்கல் கடலில் கலந்த வாரத்தில் நான் சிப்பி சாப்பிட மாட்டேன்.

சோறு கேட்கும்போது சிவப்புச் சம்பா அரிசி உண்டா என்று கேளுங்கள். தேங்காய்க் குழம்பு அந்தப் பருக்கையில் நிற்கும், வெள்ளைச் சோற்றில் ஓடிவிடும். சாப்பாட்டோடு வரும் மீன்குழம்பு கேட்கக் கேட்க ஊற்றுவார்கள். காசு துண்டுக்குத்தான். சமையல் எண்ணெய் பெரும்பாலும் தேங்காய் எண்ணெய். அந்த வாசம் பிடிக்காதவர்கள் முன்பே சொல்லிவிடுவது நல்லது, ஆனால் சொன்னால் ருசி பாதி போகும்.

6. மாலையில் மரச்சீனிக் கிழங்கு

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். தக்கலை, மார்த்தாண்டம், கருங்கல் பக்கத்துத் தட்டுக்கடைகளில் மாலையானால் கிழங்கும் மீன்கறியும் கிடைக்கும். ஊருக்கு வெளியே மரவள்ளி என்பார்கள், எங்களுக்கு மரச்சீனி.

நல்ல கிழங்கு எப்படி இருக்கும்? அவித்த துண்டின் ஓரம் வெடித்துப் பூத்திருக்க வேண்டும். நடு நரம்பு உருவியிருக்க வேண்டும். கண்ணாடி மாதிரிப் பளபளத்தால் அது வேகாத அல்லது நீர்க்கோத்த கிழங்கு, தொண்டையில் அடைக்கும். மயக்கிய கிழங்கு என்றால் தேங்காய், சீரகம், பூண்டு, பச்சைமிளகாய் ஒன்றிரண்டாக அரைத்து, மஞ்சள் சேர்த்து மத்தால் குழைத்திருப்பார்கள். அதற்குச் சாளையோ அயிலையோ போட்ட சிவந்த கறி. பக்கத்தில் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தி (துவையல்). கரண்டி வேண்டாம், கையால் கிழங்கைக் குழிபோல் அமுக்கிக் குழம்பை அதில் ஊற்றிச் சாப்பிடுங்கள்.

இந்தத் தட்டில் இருப்பது பாதிக்கு மேல் தென் அமெரிக்காதான். மரச்சீனி பிரேசில் பக்கத்துப் பயிர். போர்த்துகீசியர் வழியாக நம் கரைக்கு வந்தது. மிளகாயும் அதே கடல்வழி. திருவிதாங்கூரில் மரச்சீனியைப் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி வருவது நின்றபோது திருவிதாங்கூர் மக்களின் வயிற்றைக் காத்தது இந்தக் கிழங்கு. நம் மாவட்டமும் அப்போது அந்த நாட்டோடுதானே இருந்தது? அரிசிக்குப் பதில் வந்த பஞ்ச காலச் சாப்பாடு, இன்றைக்குக் காசு கொடுத்துத் தேடிப்போகிற பலகாரம்.

கிழங்கோடு மீன் சேர்வது நாக்குக்கு மட்டும் நல்லதல்ல. மரச்சீனியில் மாவுச்சத்து ஏராளம், புரதம் மிகக் குறைவு. அதோடு கொஞ்சம் சயனைடும் உண்டு. அதனால்தான் அவித்த தண்ணீரை வடித்துக் கொட்டுகிறார்கள். மிச்சமிருப்பதை உடம்பு வெளியேற்ற, புரதத்தில் இருக்கும் கந்தகச் சத்து வேண்டும். மீன் அதைக் கொடுக்கிறது. வேதியியல் தெரியாமலேயே எங்கள் பாட்டிமார் ஜோடி சேர்த்துவிட்டார்கள். கசக்கிற கிழங்கைத் துப்பிவிடுங்கள், கௌரவம் பார்க்க வேண்டாம்.

7. லத்தீன் அமெரிக்கச் சாப்பாடுதான் வேண்டும் என்கிறவர்களுக்கு

கப்பலில் வேலை பார்த்துத் திரும்பியவர்களும் இணையத்தில் வீடியோ பார்க்கிற பிள்ளைகளும் செவிச்சே, மொக்கேகா என்று கேட்கிறார்கள். நாகர்கோவிலில் அதைத் தேடி அலைவதைவிட, சமைக்க இடம் தருகிற தங்கும் விடுதியில் ஒரு நாள் எடுத்துக்கொள்வது மேல்.

மொக்கேகா எளிது. பிரேசிலின் பாயியா மாநிலத்து மீன்குழம்பு. மண்சட்டியில் வெங்காயம், தக்காளி, குடைமிளகாய், கொத்தமல்லி அடுக்கி, மீன் வைத்து, தேங்காய்ப்பாலும் டெண்டே எனப்படும் செம்பனை எண்ணெயும் ஊற்றி வேகவைப்பது. நம் அடுப்பங்கரையில் இல்லாதது அந்த எண்ணெய் மட்டுமே. தேங்காய் எண்ணெய் ஊற்றினால் நிறமும் அதன் தனி வாசமும் வராது, ஆனால் நல்ல குழம்பாக இருக்கும். பக்கத்து மாநிலமான எஸ்பிரித்து சாந்துவில் தேங்காய்ப்பாலும் டெண்டேயும் இல்லாமல்தான் செய்வார்கள். எது உண்மையான மொக்கேகா என்று அவர்களுக்குள்ளும் தகராறு. கேட்க எனக்கு ஆறுதலாக இருந்தது. தொட்டுக்கொள்ள அவர்களுக்கும் மரச்சீனி மாவுதான்: மீன்சாற்றில் கிண்டினால் பிராவுன், வறுத்தால் பரோபா. குழம்புக்கு விளமீனோ பாரையோ எடுங்கள்.

செவிச்சே வேறு சங்கதி. பெரு நாட்டில் பச்சை மீனை எலுமிச்சைச் சாறு, வெங்காயம், மிளகாய், உப்பில் ஊறவைத்து, சர்க்கரைவள்ளிக் கிழங்கும் சோளமும் வைத்துத் தருவார்கள். 2023-ல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் ஏறியது. அங்கேயும் வழக்கம் மதியச் சாப்பாடுதான். காலை மீன் மாலை வரை காத்திருக்கக் கூடாது என்ற அதே கணக்கு. ஆனால் எலுமிச்சை சதையை வெளுக்கவைக்குமே தவிர, புழுவையோ கிருமியையோ முழுதாகக் கொல்லாது. பச்சையாகச் சாப்பிடும் மீனை மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் உறைய வைக்க வேண்டும் என்பது அமெரிக்க உணவுப் பாதுகாப்பு விதி. வீட்டு ஃப்ரிட்ஜ் அந்தக் குளிரை ஒழுங்காகப் பிடித்து வைக்கும் என்று நம்ப முடியாது. அது கொன்றாலும் புழுவைத்தான் கொல்லும், கிருமியை அல்ல. ஆசை அடங்காவிட்டால் இறாலையோ கணவாயையோ கொதிநீரில் வேகவைத்து, ஆறியபின் எலுமிச்சையும் காந்தாரியும் சேருங்கள். பெருக்காரர்களும் இறாலை வேகவைத்துச் செய்வதுண்டு, ஆகவே கூச்சம் வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் பச்சை மீன் எந்த வடிவிலும் வேண்டாம்.

8. கிளம்பும்போது கருவாடு

கருவாடு வாங்குகிறவர்கள் கையில் எடுத்து அமுக்கிப் பாருங்கள். வளைந்தால் ஈரம் இருக்கிறது, ரயிலிலேயே நாறும். ஒடிகிற மாதிரி நெத்தோலி, உப்பு வெளியே பூக்காத சாளை, இரண்டும் பயணத்துக்கு ஏற்றவை. மணலில் கொட்டிக் காய வைத்ததைவிட வலையிலோ பாயிலோ காய்ந்ததைக் கேளுங்கள், கடித்தால் வித்தியாசம் தெரியும். ஈ மொய்க்கவே மொய்க்காத கருவாட்டுக் குவியலில் ஏதோ மருந்து இருக்கலாம் என்று எங்கள் ஊர்ப் பெண்கள் சந்தேகப்படுவார்கள். நானும் அந்தக் குவியலைத் தாண்டித்தான் போவேன். துணியில் சுற்றி, அதற்குமேல் செய்தித்தாள், அதற்குமேல் பிளாஸ்டிக் பை. பெட்டியில் துணிமணிக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள்.